ஐம்பது வயது லேவியர்



பணி நிறைவு விழா நமக்குப் புதிதல்ல. சந்தன மாலை, பொன்னாடை, வாழ்த்துமடல், வீடு வரை வந்து விட்டுச் செல்லும் சக ஊழியர்கள். தமிழக அரசு ஊழியருக்கு 58 என்றிருந்த ஓய்வு வயது 2020-இல் 59 ஆனது, மறு ஆண்டே 60 ஆனது. தள்ளிப்போனாலும் அந்த நாள் வந்துவிடுகிறது. பணிக்கொடை எவ்வளவு, ஓய்வூதியம் எவ்வளவு என்று ஐந்து ஆண்டுக்கு முன்பே கணக்குப் போட்டுவிடுகிறோம். விழா முடிந்த அடுத்த திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு எங்கே இருப்போம், யாரோடு பேசிக்கொண்டிருப்போம் என்று மட்டும் நினைத்துப் பார்ப்பதில்லை.

விவிலியத்தில் ஓய்வு வயது பற்றிய செய்தி மிக அரிது. எண்ணிக்கை நூல் எட்டாம் அதிகாரத்தின் கடைசி வசனங்களில் அது இருக்கிறது. லேவியர் 25 வயதில் சந்திப்புக் கூடாரத்தில் பணியேற்க வேண்டும். 50 வயதில் அதை விட்டுவிட வேண்டும். அதோடு நின்றுவிடவில்லை ஆண்டவர். ஓய்வு பெற்றவர் கூடாரத்தில் தம் சகோதரருக்குத் துணையாக இருக்கலாம், ஆனால் பணியைத் தாமே செய்யக்கூடாது என்கிறார். தோளிலிருந்து சுமை இறங்குகிறது. சகோதரர்கள் அங்கேயே இருக்கிறார்கள்.

இந்த இரண்டில் ஒன்றை நாம் மறந்துவிடுகிறோம். சிலர் சுமையை இறக்கிய அன்றே சகோதரரையும் விட்டுவிட்டு, வீட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறோம். வேறு சிலருக்கு நாற்காலியை விட மனம் வருவதில்லை. அலுவலகத்துக்குப் போய்ப் புதியவருக்கு அறிவுரை சொல்கிறோம். அங்கே கேட்க ஆளில்லை என்றால் வீட்டுச் சமையலறைக்கு மேலாளர் ஆகிவிடுகிறோம்! இத்தனை ஆண்டுகளாகப் பகல் முழுவதும் தன் பொறுப்பில் வீட்டை நடத்திய மனைவிக்கு அது எவ்வளவு சங்கடம் என்று கேட்டுப் பார்ப்போம். பணி ஓய்வு பெறும் பெண்களின் நிலை வேறு. மறுநாளே பேரப்பிள்ளையைக் கையில் கொடுத்துவிடுகிறோம். அவர்களுக்கு ஓய்வு வேண்டுமா என்று யாரும் கேட்பதில்லை.

திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2013 பிப்ரவரி 11-ஆம் நாள் தம் பணி விலகலை அறிவித்தார். அதன்பின் ஏறத்தாழ பத்து ஆண்டுகள் வத்திக்கானில் ஒரு சிறிய துறவு இல்லத்தில் செபத்தில் வாழ்ந்து, 2022 டிசம்பர் 31-இல் இறைவனடி சேர்ந்தார். அத்தனை பெரிய பொறுப்பையும் இறக்கி வைக்கலாம் என்று அவர் காட்டினார். எளிதாக இருந்திருக்கும் என்று நாம் நினைக்க வேண்டியதில்லை.

ஏனெனில் இது ஓர் இழப்பு. தொலைபேசி ஒலிப்பது நின்றுபோகும். ‘சார்’ என்று எழுந்து நின்றவர்கள் கடைத்தெருவில் பார்த்தும் பாராமல் போவார்கள். மனம் வலிக்கும். வலித்தால் விசுவாசம் குறைந்துவிட்டது என்று பொருளல்ல. மனைவியிடமோ கணவரிடமோ, பங்குத்தந்தையிடமோ அதை வாய்விட்டுச் சொல்வோம். சொல்லாத துக்கம் சிலரைக் குடியில் கொண்டுபோய் விடுவதையும் பார்க்கிறோமே.

பணியில் இருக்கும்போதே அலுவலகத்துக்கு வெளியே இரண்டு நண்பர்களையாவது தேடிக்கொள்வோம். ஞாயிறு திருப்பலி முடிந்ததும் ஓடாமல் ஆலய வளாகத்தில் பத்து நிமிடம் நிற்போம். அன்பியக் கூட்டத்துக்கு மனைவியை மட்டும் அனுப்பும் வழக்கத்தை நிறுத்துவோம். வின்சென்ட் தே பவுல் சபையினரோடு ஒருநாள் நோயாளர் வீட்டுக்குப் போய் வருவோம். ஓய்வு பெற்ற பிறகு முதல் முறையாகப் போனால், அங்கேயும் பதவி தேடி வந்தவர் போலத்தான் தெரிவோம். பங்குப் பேரவைத் தலைமை சற்றுக் காத்திருக்கட்டும். முதலில் நாற்காலி எடுத்துப் போடும் வேலை இருக்கிறது.

பணிக்கொடையைப் பிள்ளைகளிடம் முழுவதும் கொடுப்பதா, சொந்த ஊரில் இருப்பதா, நகரத்தில் மகன் வீட்டுக்குப் போவதா என்பதெல்லாம் கணவனும் மனைவியும் உட்கார்ந்து பேச வேண்டியவை. விழா மேடையின் மகிழ்ச்சியில் முடிவு செய்தால் பின்னால் வருத்தப்படுவோம்.

வரும் மாதங்களில் ஓய்வு பெறுகிறவர் நம் வீட்டில் இருந்தால், இன்று இரவுச் செபம் முடிந்ததும் அவரருகே அமர்ந்து, பகல் பொழுதை எப்படிக் கழிக்க ஆசைப்படுகிறார் என்று கேட்போம். அவர் உடனே பதில் சொல்லாவிட்டாலும், நாளை மீண்டும் கேட்போம்.