நீ என்ன மதுரகாளியா?

வெயில் தாழ வந்து உட்கார்ந்திருக்கிற பெரம்பலூர், அரியலூர் சொந்தங்களே!

குன்னம், செந்துறைப் பக்கம் தெருவுக்கு நாலு பேர் சிங்கப்பூர், துபாய்னு போயிட்டான். வீட்டுல மிஞ்சினது அப்பனும் ஆத்தாளும்தான். கை கால் விழுந்துட்டா? முதியோர் இல்லம். அனுப்பினவனைத் திட்ட நான் வரலை. அனுப்பின பிறகு அங்கே என்ன நடக்குதுன்னு கேட்க வந்திருக்கேன்.

ஒரு இல்லம். ஒரு கிழவி. பேர் வேண்டாம். ஆயுசு பூரா சின்ன வெங்காயம் அரிஞ்ச கை, பக்கவாதத்துல வலது பக்கம் போச்சு. ஒருநாள், பேன் பத்துதுன்னு வரிசையா உட்காரவெச்சு மொட்டை! கிழவி இடது கையால கத்தியைத் தடுத்தா. "டேய், இது சிறுவாச்சூர் மதுரகாளிக்கு நேர்ந்த முடி. நீ என்ன மதுரகாளியா?"

தட்டுங்க, நல்லா தட்டுங்க! கட்டில்ல கிடந்தாலும் தலை அவளுது!

"மூணு வேளை சோறு போடுறோமே"ங்கிறாங்க. சோறு ஜெயில்லயும்தான் போடுறான்.

இங்கே சில பேர் இருக்காங்க. தலைவர் பிறந்தநாள்னா இல்லத்துக்குப் போவாங்க. இலை போடுறதுக்கு முந்தி ஃபிளெக்ஸ் கட்டுவாங்க. ஒரு தாத்தா, சர்க்கரைக்காரர், லட்டு வேணாம்னு தலையாட்டுறார். போட்டோ சரியா விழலைன்னு மறுபடி வாயில திணிச்சான்யா! யாருன்னு சொல்ல மாட்டேன். சிரிக்கிறவங்களுக்குத் தெரியும்!

சரி, விஷயத்துக்கு வர்றேன். 2023 பிப்ரவரி. விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூர், அன்புஜோதி ஆசிரமம். நூறு பேருக்கு மேல மீட்டாங்க. அடிச்சாங்க, சங்கிலியில கட்டினாங்க, குரங்கை விட்டுக் கடிக்கவெச்சாங்கன்னு புகார். வழக்கு சிபிசிஐடிக்குப் போச்சு. எப்படி வெளியே வந்தது? காணாமப் போன ஒருத்தரைத் தேடி, உயர் நீதிமன்றத்துல ஆட்கொணர்வு மனு போட்டாங்க. கேட்க ஆள் இல்லாதவங்க கதி?

2007-ல ஒரு சட்டம் வந்தது. பெத்தவங்களைக் கைவிட்டா மூணு மாசம் வரைக்கும் சிறை. சோறு போடாத மகனைக் கோட்டாட்சியர் முன்னாடி நிறுத்தலாம். சரிதான். கேட்காம மொட்டை அடிச்சவனை எங்கே நிறுத்துறது?

அதே 2007-லதான் அரியலூர் மறுபடி தனி மாவட்டமாச்சு. நம்ம காரியத்தை நாமே முடிவு பண்ணணும்னுதானே போராடி வாங்கினோம்? கிழவி கேட்டதும் அதேதானய்யா!

மாவட்ட நிர்வாகத்துக்கு இந்த மேடையிலேர்ந்து சொல்றேன். ஒவ்வொரு இல்லத்துலயும் புகார்ப் பெட்டி வையுங்க; சாவி நிர்வாகிகிட்ட இருக்கக் கூடாது, தாசில்தார்கிட்ட இருக்கணும். 14567, முதியோர் உதவி எண். அதை ஆபீஸ் ரூம்ல மாட்டாதீங்க. படுத்துக் கிடக்கிறவர் கண்ணுக்கு நேரா எழுதுங்க, கைக்கு எட்டுற தூரத்துல ஒரு போனும் வையுங்க. குளிக்கிற நேரம், உடுத்துற சேலை, பார்க்க வர்ற ஆளு, எல்லாத்தையும் அவங்களைக் கேட்டுச் செய்யுங்க.

செய்யலைன்னா அடுத்த கூட்டம் இங்கே இல்லை, கலெக்டர் ஆபீஸ் வாசல்ல! வருவீங்களா?