துப்பாக்கி ஏந்தாத சேவைக்கும் பதக்கம்



கடற்படை என்றதும் கப்பலும் பீரங்கியும்தான் நம் நினைவுக்கு வரும். அங்கே மருத்துவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் பதவி உண்டு, பதக்கம் உண்டு.

ஆர்த்தி சரின் என்று ஒரு மருத்துவர். புனே ராணுவ மருத்துவக் கல்லூரியில் படித்தவர். 1985-ல் பணியில் சேர்ந்தார். புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு சிகிச்சை தருவதில் வல்லவர். தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றிலும் பணியாற்றியவர். கடற்படையில் வைஸ் அட்மிரல் நிலைக்கு உயர்ந்தார். 2024 அக்டோபரில் முப்படை மருத்துவப் பணிகளுக்கே தலைமை இயக்குநர் ஆனார். அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் பெண் அவர்தான்.

அவர் சீருடையில் விசிஷ்ட சேவா பதக்கமும், அதைவிட உயர்ந்த அதி விசிஷ்ட சேவா பதக்கமும் இருக்கின்றன. இவை போர்க்களத்து வீரத்துக்கு அல்ல. சிறந்த சேவைக்கு நாடு தரும் மரியாதை. ஆமாம், சேவைக்கு.

நம் தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளித்த காலத்தை நினைத்துப் பாருங்கள். ஒருவர் கல்லோடு மூழ்கிச் சிப்பி அள்ளுவார். இன்னொருவர் தோணியில் கயிற்றைப் பிடித்தபடி நிற்பார். கயிறு அசைந்த மறுகணம் மேலே இழுப்பார். அவர் கண் அயர்ந்தால் கீழே இருப்பவர் உயிருக்கே ஆபத்து. படையில் மருத்துவர் செய்வதும் அந்த வேலைதான்.

புதுக்கோட்டைப் பக்கம் பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகளே, கேளுங்கள். அந்தப் புனே கல்லூரியில் சேரவும் நீட் மதிப்பெண் வேண்டும். பெண்களும் சேரலாம். பெற்றோரே, டாக்டர் ஆக ஆசைப்படும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், இப்படியும் ஒரு வழி இருக்கிறது என்று இன்றே சொல்லுங்கள்.