கல்வித் தகுதியை எடுத்துரைக்கும் முறை

(திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் மாணவர்கள், அலுவலர்கள் ஆகியோரிடையே நிகழ்த்திய உரை)

வேலை வேண்டி எழுதும் தன்விவரக் குறிப்பில் கல்வித் தகுதிக்கு ஒதுக்கப்படும் இடம் நாலைந்து வரிகளே. ஆயினும், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறிய இளைஞருக்கு அந்த வரிகளே மூலதனம். பரிந்துரைக்க ஆளில்லாதவருக்காக அவருடைய சான்றிதழே பேசுகிறது.

இந்நிலை எளிதில் வந்ததன்று. டாக்டர் பல்பு சென்னையில் மருத்துவம் பயின்று எல்.எம்.எஸ். பட்டம் பெற்றவர். ஈழவர் என்ற காரணத்தால் அவருக்குத் திருவிதாங்கூர் அரசுப் பணி மறுக்கப்பட்டது. அவர் மைசூர் அரசின் பணியில் சேர நேர்ந்தது. 1891-ஆம் ஆண்டில் மகாராஜா ஸ்ரீமூலம் திருநாளிடம் அளிக்கப்பட்ட 'மலையாளி மெமோரியல்' என்னும் விண்ணப்பத்தில் அவரும் கையெழுத்திட்டார். அன்று தகுதி இருந்தும் கதவு திறக்கவில்லை. இன்று அரசியல் சட்டத்தின் 16-ஆம் பிரிவு அரசு வேலைவாய்ப்பில் சமத்துவத்தை அளிக்கிறது. அந்த உரிமை கவனக்குறைவால் நழுவிப் போகலாகாது.

கிழக்கேகோட்டையிலும் சாலைக் கடைத்தெருவிலும் வாழும் தமிழ் மாணவர் பலர் பள்ளிக் கல்வியைக் கேரளத்திலும் கல்லூரிக் கல்வியை நாகர்கோவிலிலோ திருநெல்வேலியிலோ பெறுகின்றனர். இரு மாநிலச் சான்றிதழ்களும் ஒரே தாளில் இடம்பெறுவதால், இவர்களுக்குக் கூடுதல் கவனம் தேவை.

முதலாவது, பெயர். தேர்வின் பெயரையும் அதை நடத்திய வாரியம் அல்லது பல்கலைக்கழகத்தின் பெயரையும் சான்றிதழில் உள்ளவாறே எழுதுதல் வேண்டும். 1966-ஆம் ஆண்டில் தோன்றிய மதுரைப் பல்கலைக்கழகம் 1978-ஆம் ஆண்டில் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் என்று பெயர் பெற்றது. 1990-ஆம் ஆண்டில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் தனியே அமைந்தது. ஒரே கல்லூரியில் வெவ்வேறு காலத்தில் பயின்றோரின் சான்றிதழ்களில் வெவ்வேறு பெயர்கள் இருத்தல் இயல்பே.

இரண்டாவது, மதிப்பெண். தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் மதிப்பெண்ணைத் தருகிறது, கேரளத்தின் எஸ்.எஸ்.எல்.சி. சான்றிதழ் தரக் குறியீட்டைத் தருகிறது. 'ஏ பிளஸ்' என்பது 90 விழுக்காடும் அதற்கு மேலும் பெற்றதைக் குறிக்கும். அதனை 'நூற்றுக்கு நூறு' என்று மாற்றி எழுதுவது உண்மையன்று. குறியீட்டை அப்படியே எழுதி, அதன் பொருளை அருகில் விளக்கினால் போதும்.

மூன்றாவது, நாள். தேர்வு எழுதியதும் தேர்ச்சி பெற்றதும் வெவ்வேறு நிலைகள். அறிவிப்பில் வேறு நாள் குறிக்கப்படாதபோது, விண்ணப்பத்தின் இறுதி நாளிலேயே தகுதி இருத்தல் வேண்டும் என்பதை உச்ச நீதிமன்றம் 1997-ஆம் ஆண்டில் தெளிவுபடுத்தியது. முடிவு வராதிருப்பின் அவ்வாறே கூறுதல் நேர்மை, காப்பும் அதுவே.

நான்காவது, மறைத்தல். கூட்டிச் சொல்வது மட்டுமே குற்றம் என்று பலர் கருதுகின்றனர். பஞ்சாப் நேஷனல் வங்கியின் கடைநிலைப் பணி ஒன்றுக்குப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி போதும். பட்டதாரிகள் விண்ணப்பிக்கலாகாது என்று அறிவிக்கப்பட்டிருந்தது. பட்டத்தை மறைத்து விண்ணப்பித்த ஒருவர் பணியைக் கோர இயலாது என்று 2020-ஆம் ஆண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பட்டதாரி கடைநிலைப் பணியை நாடும் நிலை வருந்தத்தக்கதே. எனினும், உண்மையை மறைப்பது அதற்குப் பரிகாரம் ஆகாது.

தனியார் நிறுவனங்களுக்கு எழுதும்போது அண்மைக் கல்வியை முதலில் வைப்பது வழக்கம். அரசு விண்ணப்பத்திலோ படிவம் காட்டும் வரிசையே முறை. இடையில் ஓராண்டு படிப்பு நின்றிருந்தால் அதற்காக நாண வேண்டியதில்லை. ஆண்டுகளைச் சரியாகக் குறித்து, காரணத்தைக் கேட்டால் சொல்லலாம்.

அலுவலர்களுக்கும் ஒரு வார்த்தை. அண்டை மாநிலத்தின் சான்றிதழ் பழக்கமற்றது என்பதாலேயே அதை ஐயுறுவது முறையன்று. அறிவிப்பில் 'இணையான தகுதி' என்று எழுதும்போது, எவையெவை இணையானவை என்பதையும், இணைத்தகுதிச் சான்று எங்கு பெறத்தக்கது என்பதையும் குறிப்பிட்டால், விண்ணப்பதாரரின் அலைச்சலும் அலுவலகத்தின் வேலையும் ஒருங்கே குறையும்.

மாணவர் உள்ளதை உள்ளவாறு எழுதுவதும், அலுவலர் எழுதியதை நடுநிலையோடு படிப்பதும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை. இவ்விரண்டும் அமைந்தால்தான் கல்விக்காக ஓர் ஏழைக் குடும்பம் செலவிட்ட ஆண்டுகள் வீண்போகாமல் நாட்டின் ஆக்கத்துக்குப் பயன்படும்.