கழுத்துத் தமனிக்குச் சஸ்திர சிகிச்சை
(நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



கழுத்து இரத்தக்குழாய்க்குச் செய்யும் சஸ்திர சிகிச்சையைப் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் எனக்குக் கட்டளையிட்டனர். நான் வைத்தியன் அல்லேன்; உபாத்தியாயராக இருந்து ஓய்வு பெற்றவன். எனினும் என் குடும்பத்தில் இருவர் பட்ட அனுபவம் உண்டு. அதனோடு வைத்தியர்களிடம் கேட்டறிந்ததையும் சேர்த்துக் கூறுகிறேன்.

என் தமையனார் கல்வராயன் மலையில் கரியாலூருக்கு அருகே மரவள்ளி பயிரிட்டு வந்தார். ஒருநாள் கிழங்கு லோடுடன் சின்னசேலம் வந்தவருக்கு, டீக்கடையில் வலது கை தளர்ந்து டம்ளர் நழுவிற்று, வாய் குழறிற்று. கால் மணி நேரத்தில் யாவும் சரியாய்விட்டன. வழியில் ஒருவரிடம் காட்ட, அவர் பலவீனம் என்று சொல்லி ஊசி போட்டு அனுப்பினார். அண்ணாவும் மலையேறிவிட்டார். இருபதாம் நாள் விடியற்காலையில் பாரிசவாயு தாக்கிற்று. பின்பு பரிசோதித்தபோது, கழுத்தின் இடப்பக்கத் தமனி முற்றும் அடைபட்டிருந்தது. முழுதும் அடைபட்ட குழாயில் இச்சிகிச்சை செய்வதில்லை என்று கூறிவிட்டனர். ஆறு வருஷம் பேச்சின்றி இருந்து காலஞ்சென்றார்.

வந்து நீங்கிவிட்ட அந்தக் கால் மணி நேரந்தான் எச்சரிக்கை. ஒரு கண்ணில் திரை விழுந்தாற்போல் பார்வை மறைந்து மீள்வதும் அவ்வகையே.

மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் தமனிகள் கழுத்தின் இருபுறமும் உள்ளன. வயது, புகையிலை, இரத்தக்கொதிப்பு, நீரிழிவு ஆகியவற்றால் அவற்றின் உட்சுவரில் கொழுப்புப் படிகிறது. அதிலிருந்து துணுக்கு பெயர்ந்து மூளையில் சென்று அடைத்துக்கொள்கிறது. கழுத்தைத் திறந்து, குழாயைக் கீறி, அப்படிவை உரித்தெடுப்பதே இச்சிகிச்சை. 1953-ல் அமெரிக்காவில் டிபேக்கி என்பவர் இதனைச் செய்தார். 1954-ல் லண்டனில் ஈஸ்ட்காட் முதலியோர் செய்த சிகிச்சை உலகறிய வெளியாயிற்று.

பிரயோஜனம் எவ்வளவு? 1991-ல் வெளிவந்த வட அமெரிக்க ஆராய்ச்சி ஒன்று இதனைத் தெளிவாக்கிற்று. எச்சரிக்கை கண்டு, குழாய் நூற்றுக்கு எழுபது பங்குக்கு மேல் குறுகியவர்களுள், மருந்து மட்டும் உண்டவர் நூற்றுக்கு 26 பேருக்கு இரண்டு வருஷத்தில் அதே பக்கத்தில் மூளைத்தாக்கு நேர்ந்தது. சஸ்திர சிகிச்சை பெற்றவருள் 9 பேருக்கே. இந்த ஒன்பதில் சிகிச்சையினாலேயே நேர்ந்தவையும் அடங்கும். ஐம்பது பங்குக்குக் குறைவாயின் பயனில்லை. எச்சரிக்கை கண்ட இரண்டு வாரத்திற்குள் செய்தால் பயன் மிகுதி. நாட்கள் செல்லச் செல்லக் குறையும். போன பேச்சையோ கையையோ இது மீட்டுத் தராது. இனி வருவதைத் தடுப்பதற்கே இது. மேலும் ஆசிய நாட்டாருள், மூளைக்குள்ளிருக்கும் குழாய்களே குறுகுவது மேனாட்டாரைவிட அதிகம். அவர்களுக்கு இது பொருந்தாது.

இனி அபாயங்கள். இவற்றை ஒளிப்பது தவறு. எந்த நோயைத் தடுக்கச் செய்கிறோமோ, அதுவே சிகிச்சையின்போது நேரலாம், மாரடைப்பும் நேரலாம். எச்சரிக்கை கண்டவருக்குச் செய்கையில், மூளைத்தாக்கும் மரணமும் சேர்ந்து நூற்றுக்கு ஆறுக்கு மேற்படலாகாது என்பது வைத்தியர் கொண்ட அளவு. எனவே, “உங்கள் கையில் எத்தனை பேருக்கு நேர்ந்தது?” என்று சஸ்திர வைத்தியரைக் கேட்பது மரியாதைக் குறைவன்று. முதல் சில மணி நேரங்களில் கழுத்தில் இரத்தம் கட்டி மூச்சுக்குழலை அழுத்தலாம். வீக்கம் கண்டால் தாமதமின்றித் தாதியரிடம் கூறவேண்டும்.

என் சிற்றப்பா மகனுக்கு, மேற்சொன்ன எச்சரிக்கை கண்ட பத்தாம் நாள் சென்னையில் இச்சிகிச்சை நடந்தது. உயிரும் கையும் தப்பின. குரல் மட்டும் மூன்று மாதம் கம்மிப்போயிற்று. கழுத்தில் நரம்புகள் நெருங்கி ஓடுவதால், குரல் கம்முதலும், நாக்கு ஒருபக்கம் கோணுதலும், வாயோரம் தொங்குதலும் உண்டு. பெரும்பாலும் தாமே தேறும். காதுமடலும் தாடையோரமும் மரத்துப்போவது சாதாரணம். அவர் சவரம் செய்யும்போது இன்னும் கண்ணாடியை விட்டுக் கண்ணெடுப்பதில்லை.

மலையிலுள்ளோர் முக்கியமாய்க் கவனிக்கவேண்டியது ஒன்று. பல நாள் குறைவாக இரத்தம் பெற்ற மூளைக்குத் திடீரென அது பெருகிப் பாயும்போது, கடுந்தலைவலி, வலிப்பு, சிலருக்கு மூளையில் இரத்தக்கசிவும் உண்டாகும். இது வீடு திரும்பிய பின்னும் சில வாரங்களுக்குள் வரக்கூடும். இரத்தக்கொதிப்பு அடங்காதவருக்கே அதிகம். ஆகையால் ஊர் திரும்பியதும் வெள்ளிமலைக்கு மேலே ஏறிவிடாமல், சில வாரம் கள்ளக்குறிச்சியில் உறவினர் வீட்டில் தங்குவது நலம். ஆஸ்பிரினையும் கொழுப்பைக் குறைக்கும் மருந்தையும் நிறுத்தலாகாது, புகையிலையை விட்டொழிக்கவேண்டும், உரித்த குழாய் மீண்டும் குறுகுவதுண்டு.

கள்ளக்குறிச்சிக்கு அருகே சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022-ல் திறக்கப்பட்டது. கை தளர்ந்து மீண்டாலும் அன்றே அங்கு செல்லுங்கள். கழுத்துக் குழாயை ஒலியலையால் பார்க்கவேண்டுமா என்று கேளுங்கள். அது வலியற்ற பரிசோதனை. மீளாது நின்றாலோ, 108-ஐ அழையுங்கள். கட்டியைக் கரைக்கும் மருந்துக்குச் சாதாரணமாக நாலரை மணி நேரமே கெடு. சஸ்திர சிகிச்சை தேவையெனில், சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் வேலூர் சி.எம்.சி.யிலும் இரத்தக்குழாய்க்கெனத் தனிப்பிரிவு உண்டு.

 தம் வீட்டில் எவருக்கேனும் இத்தகைய அடையாளம் கண்டதுண்டெனில், கூட்டம் கலையுமுன் என்னிடம் வந்து சொல்லுமாறு வேண்டுகிறேன்.