பிறந்த நாளுக்கே சாட்சி இல்லை, நரகத்துக்கு யார் சாட்சி?

(மலாக்கா மாநிலத்து லூபோக் சீனாவில் நடந்த பகுத்தறிவுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கிறிஸ்மஸ் நெருங்குகிற நேரத்தில் இப்படியொரு தலைப்பு எதற்கு என்று இரண்டு பேர் என்னிடம் வருத்தப்பட்டார்கள். அவர்களுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நாசரேத்து ஊர்த் தச்சரின் மகனை இழித்துப் பேச நான் இங்கே வரவில்லை. ஏழைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டவர், கல்லெறியப்பட இருந்த பெண்ணைக் காப்பாற்றியவர் என்று அவரைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட மனிதர் மீது எனக்கு மரியாதை உண்டு. உஜோங் பாசிர் போர்த்துகீசியக் குடியிருப்பில் டிசம்பர் மாதம் விளக்கு அலங்காரம் பார்க்க நம் வீட்டுப் பிள்ளைகளும்தான் போகிறார்கள். போகட்டும். எனக்கு அதில் சண்டை இல்லை. என் சண்டை வேறு இடத்தில் இருக்கிறது. அந்த இடத்துக்குப் போகத் தேதியின் வழியாகத்தான் போக வேண்டும்.

டிசம்பர் 25 என்ற நாள் பைபிளில் இல்லை. படித்த எந்தப் பாதிரியாரைக் கேட்டாலும் ஒப்புக்கொள்வார். நான்கு சுவிசேஷங்களில் மாற்கும் யோவானும் பிறப்பின் கதையையே சொல்லவில்லை. மத்தேயுவும் லூக்காவும் சொல்கிறார்கள்; ஆனால் நாளும் இல்லை, மாதமும் இல்லை. ஆண்டையாவது பிடிக்கலாம் என்று பார்த்தால் அதுவும் கைக்கு வரவில்லை. மத்தேயு சொல்வது ஏரோது மன்னன் உயிரோடு இருந்த காலம். அவன் செத்தது கி.மு. 4 என்பது பெரும்பாலான வரலாற்று ஆசிரியர்களின் கணக்கு. லூக்கா சொல்வது சிரேனியு சிரியாவை ஆண்டபோது எடுத்த குடிமதிப்பு. யூதேயாவில் சிரேனியு எடுத்ததாக வரலாற்றில் பதிவாகியுள்ள குடிமதிப்பு கி.பி. 6-ல் நடந்தது. நடுவே ஒன்பது பத்து ஆண்டுகள் பள்ளமாகக் கிடக்கின்றன. கி.பி. என்ற ஆண்டுக் கணக்கையே ரோமில் இருந்த தியோனீசியுஸ் என்ற துறவி 525-ல்தான் போட்டார். அந்தக் கணக்கில் சில ஆண்டுகள் பிசகிவிட்டன என்று போப் பதினாறாம் பெனடிக்ட் 2012-ல் வெளியிட்ட தம் நூலிலேயே எழுதினார்.

சரி, முதல் கிறிஸ்தவர்களாவது பிறந்த நாளைக் கொண்டாடினார்களா? மூன்றாம் நூற்றாண்டில் ஓரிஜன் என்ற பெரிய வேத விரிவுரையாளர், பிறந்த நாள் கொண்டாடுவது பார்வோனையும் ஏரோதையும் போன்ற பாவிகளின் வழக்கம், புனிதர்களின் வழக்கம் அல்ல என்று கண்டித்தார். அவருக்கு முன்னால் அலெக்சாந்திரியாவில் இருந்த கிளமெண்ட், தம் காலத்தில் பலர் பல நாள்களைக் குறித்துக்கொண்டு திரிந்ததை எழுதிவைத்திருக்கிறார். அவற்றில் ஒன்று நம் கணக்குப்படி மே 20, வேறு சில ஏப்ரலில். டிசம்பர் 25 அந்தப் பட்டியலில் இல்லை. ரோம் நகரில் 354-ல் தொகுத்த ஒரு பஞ்சாங்க ஏட்டில்தான் டிசம்பர் 25 தெளிவாகக் கிடைக்கிறது. அந்தியோகியாவில் 386-ல் பிரசங்கம் செய்த யோவான் கிறிசோஸ்தோம், இந்தத் திருநாள் நமக்குத் தெரியவந்து இன்னும் பத்து ஆண்டுகூட ஆகவில்லை என்று சொன்னார். அதாவது, கிறிஸ்தவம் பிறந்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்துத்தான் கிழக்கத்திய சபைக்கு இந்த நாள் போய்ச் சேர்ந்தது. ஆர்மீனியத் திருச்சபை இன்றுவரை ஜனவரி 6-ல் கொண்டாடுகிறது. ரஷ்யாவில் ஜனவரி 7. உக்ரேன் 2023-ல் டிசம்பர் 25-க்கு மாறியது.

இங்கே நம் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ரோமச் சூரியக் கடவுளின் விழாவைத் திருடி கிறிஸ்மஸ் ஆக்கிவிட்டார்கள் என்று நம் மேடைகளில் அடித்துப் பேசுவது வழக்கம். அவ்வளவு உறுதியாகப் பேச ஆதாரம் போதாது. பேரரசன் ஔரேலியன் 274-ல் சூரியனுக்குக் கோயில் எழுப்பினான் என்பது உண்மை. அந்த 354-ஆம் ஆண்டு ஏட்டிலேயே டிசம்பர் 25-ல் சூரியனின் பிறந்த நாளும் இருக்கிறது என்பதும் உண்மை. ஆனால் யார் யாரிடமிருந்து எடுத்தார்கள் என்பதில் அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். மார்ச் 25-ல் கருவுற்றதாக வைத்து ஒன்பது மாதம் எண்ணித்தான் அந்த நாளுக்கு வந்தார்கள் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். எதிராளியிடம் ஆதாரம் கேட்கிற நாம் நம் பேச்சிலும் ஆதாரத்தோடு நிற்க வேண்டும். எப்படி எடுத்துக்கொண்டாலும் ஒன்று நிலைக்கும்: அந்த நாளை மனிதர்கள் உட்கார்ந்து முடிவுசெய்தார்கள்.

கிறிஸ்தவ நண்பர்கள் உடனே சொல்வார்கள், “நாள் முக்கியமில்லை, அவர் பிறந்ததுதான் முக்கியம்.” நான் ஏற்றுக்கொள்கிறேன். மனமார ஏற்றுக்கொள்கிறேன். இங்கிலாந்துப் பார்லிமென்டே 1647-ல் கிறிஸ்மஸைத் தடை செய்தது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் காலனியில் 1659 முதல் 1681 வரை அதைக் கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம். தடை போட்டவர்களும் பக்தியுள்ள கிறிஸ்தவர்கள்தான். அந்த நாளை விட்டுவிட்டும் அவர்கள் கிறிஸ்தவர்களாகவே இருந்தார்கள்.

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். மண்ணில் பிறந்தவர், தாய் இருந்தாள், உறவினர் இருந்தார்கள், ஊரார் பார்த்தார்கள். அப்படிப்பட்டவர் பிறந்த நாளையும் ஆண்டையும் உங்களால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அதில் தவறில்லை. ஆனால் ஒருவரும் போய்ப் பார்த்துவிட்டு வராத நரகத்தில் யார் இருக்கிறார்கள், எத்தனை காலம் இருப்பார்கள் என்பதை மட்டும் எப்படி அவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள்?

இந்தக் கேள்வி மலாக்காவுக்குப் புதிதல்ல. பிரான்சிஸ் சேவியர் 1542-ல் தமிழ்நாட்டு முத்துக்குளித்துறைக்குப் போய், பரதவர்களிடையே தமிழில் ஜெபங்களை மனப்பாடம் செய்து சொல்லிக்கொடுத்தவர். 1545-ல் மலாக்காவுக்கு வந்தார். 1547 டிசம்பரில் இங்கேதான், குன்றின் மேல் இருந்த மாதா கோயிலில், அஞ்சிரோ என்ற ஜப்பானியரைச் சந்தித்தார். கொலை செய்துவிட்டுக் கப்பலேறி ஓடிவந்தவர் அந்த அஞ்சிரோ. அந்தச் சந்திப்புத்தான் சேவியரை ஜப்பானுக்குக் கொண்டுபோனது. 1549 ஆகஸ்டில் காகோஷிமாவில் இறங்கினார். அங்கே என்ன நடந்தது என்பதை 1552 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் அவரே சொல்கிறார். ஜப்பானியர்கள் அவரிடம் கேட்டார்கள்: இந்தக் கடவுளைப் பற்றி ஒரு வார்த்தையும் கேள்விப்படாமல் செத்துப்போன எங்கள் தாய் தகப்பன் எங்கே? நரகத்தில், என்றார். நாங்கள் தானம் செய்தால், ஜெபம் செய்தால் வெளியே எடுக்க முடியாதா? முடியாது, என்றார். அவர்கள் அழுதார்கள். தங்கள் முன்னோர்களை நினைத்து நிறுத்தாமல் அழுதார்கள் என்றும், பரிகாரமே இல்லாத ஒன்றுக்காகத் தம் அன்பு நண்பர்கள் அழுவதைப் பார்க்கத் தமக்கே வேதனையாக இருந்தது என்றும் அவர் எழுதியிருக்கிறார்.

தோழர்களே, சேவியரைக் கொடியவர் என்று நான் சொல்லமாட்டேன். மறைக்காமல் எழுதினாரே, அதற்காகவே அவரை மதிக்கிறேன். அந்த மனிதரின் நெஞ்சு அழுதவர்களின் பக்கம் இருந்தது. கொள்கை எதிர்ப்பக்கம் இருந்தது. 1552 டிசம்பர் 3-ல் சீனக் கடலோரம் ஒரு தீவில் இறந்தார். அடுத்த ஆண்டு மார்ச்சில் உடலை மலாக்காவுக்குக் கொண்டுவந்து அதே குன்றுக் கோயிலில் புதைத்தார்கள். சில மாதம் கழித்து எடுத்துக் கோவாவுக்குக் கொண்டுபோனார்கள். இன்று செயின்ட் பால் குன்றில் கூரையில்லாத சுவர்களுக்கு நடுவே, கம்பி வலையால் மூடியிருக்கிறதே ஒரு குழி, அது அந்தக் கல்லறை. பள்ளிக்கூடப் பேருந்தில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறோம். குழியைக் காட்டும்போது ஜப்பானியர்கள் அழுத கதையையும் சொல்லுங்கள்.

சேவியர் அப்படிச் சொன்னதற்குப் பின்னால் சபையின் முத்திரை இருந்தது. 1442-ல் புளோரன்ஸ் சங்கம் விதித்தது அது: சபைக்கு வெளியே இருப்பவர்கள் சாகுமுன் சபையில் சேராவிட்டால் நித்திய நெருப்புக்குத்தான் போவார்கள். பிறகு 1964-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் என்ன சொன்னது? தம் குற்றமில்லாமல் சுவிசேஷத்தை அறியாதவர்கள், மனச்சாட்சிப்படி நேர்மையாக வாழ்ந்தால், அவர்களும் மீட்பு அடைய முடியும் என்றது. நடுவே ஐந்நூற்று இருபத்திரண்டு ஆண்டுகள். ஞானஸ்நானம் பெறாமல் இறந்த பச்சைக் குழந்தைகளுக்கு ‘லிம்போ’ என்று ஓர் இடத்தை இறையியலாளர்கள் பல நூற்றாண்டு போதித்துவந்தார்கள். 2007-ல் வத்திக்கானின் இறையியல் குழு, அந்தக் குழந்தைகள் மீட்படைவார்கள் என்று நம்ப நல்ல காரணங்கள் உண்டு என்று எழுதியது. இதைக் கொள்கையின் வளர்ச்சி என்பார்கள். மனிதர்களின் மனம் வளர்ந்தது, கொள்கை பின்னால் வந்தது என்பேன் நான். குழந்தையைப் புதைத்துவிட்டு வந்து, அது கடவுளின் முகத்தைக் காணாது என்று கேட்டுக் கேட்டுத் தேம்பிய தாய்மார்கள் அந்த நூற்றாண்டுகளில் எத்தனை பேர்! அவர்களுக்கு இனி யார் போய்ச் சொல்வது?

மற்றச் சபைகளையும் பாருங்கள். உத்தரிக்கும் தலம் உண்டு என்பது கத்தோலிக்கம். இல்லவே இல்லை என்பது புராட்டஸ்டன்ட். அட்வென்டிஸ்டுகள், செத்தவர்கள் உறங்குகிறார்கள், தீயவர்கள் கடைசியில் அழிந்துபோவார்கள், என்றென்றும் வதை கிடையாது என்கிறார்கள். யெகோவாவின் சாட்சிகள் நரகமும் இல்லை என்கிறார்கள், கிறிஸ்மஸும் கொண்டாடுவதில்லை. நான்காம் நூற்றாண்டில் நீசாவின் கிரிகோரி, இறுதியில் எல்லா உயிர்களும் கடவுளிடம் திரும்பும் என்றே எழுதினார். அவரைச் சபை புனிதராக வணங்குகிறது. ஒரே புத்தகத்தைத்தான் எல்லாரும் திறந்துவைத்திருக்கிறார்கள்.

நம் வீட்டுக் குப்பையை விட்டுவிட்டு அடுத்த வீட்டைப் பெருக்குகிறேன் என்று நினைக்காதீர்கள். கருட புராணத்தில் கொதிக்கிற எண்ணெய்க் கொப்பரை இருக்கிறது. சாவு வீட்டில் அதைப் படித்துக் காசு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். 1929 டிசம்பரில் பெரியார் மலாயாவுக்கு வந்தபோது கேட்ட கேள்விகள் முதலில் நம் புராணங்களை நோக்கித்தான் இருந்தன. மோட்சமும் நரகமும் எந்த மதத்தின் பெயரால் வந்தாலும் ஏழையின் பயத்தில்தான் உயிர்வாழ்கின்றன.

ஒரு சாவு வீட்டில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். தோட்டத்தின் பெயர் வேண்டாம். இறந்தவர் ஒரு பாட்டி. விடியுமுன் பெரட்டுக்கு நின்று, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் சீவி, காண்டாவாளியில் பால் சுமந்து, பிள்ளைகளைப் படிக்கவைத்தவர். தோளில் அந்தக் காண்டா அழுத்திய தழும்பு கடைசிவரை இருந்தது. மகன்களில் ஒருவர் புதிதாக ஒரு ஜெபக் கூட்டத்தில் சேர்ந்திருந்தார். பேரப்பிள்ளைகளை நெய்ப்பந்தம் பிடிக்கக் கூப்பிட்டபோது அவர் மகன் வரவில்லை. பத்து வயது இருக்கும். கூடாரக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். அத்தை போய்க் கையைப் பிடித்ததும் கேட்டான், “அத்தை, பாட்டி நெருப்புக்குள்ளயா இருக்கு? பாட்டி சாமி கும்பிட்டுச்சில்ல?” அந்த அம்மாள் ஒன்றும் சொல்லவில்லை. அவனை இழுத்து இடுப்போடு அணைத்துக்கொண்டார். அவன் கண்ணில் இருந்தது துக்கம் இல்லை தோழர்களே, பயம். தன்னைத் தூக்கி வளர்த்த பாட்டியை நினைத்துப் பயந்தான்.

அன்பினால்தான் எச்சரிக்கிறோம், அடுத்த வீடு தீப்பற்றினால் கூப்பாடு போட்டு எழுப்பமாட்டீர்களா என்று சில ஊழியக்காரர்கள் கேட்கிறார்கள். எழுப்புவேன். உயிரோடு இருப்பவனை எழுப்புவேன். அந்தப் பாட்டி இனி எழுந்து எதை மாற்றிக்கொள்ள முடியும்? அங்கே யாரையும் காப்பாற்றவில்லை. ஒரு பையனைச் சபைக்குள் கட்டிவைக்க அவன் பாட்டியின் பிணத்தைப் பயன்படுத்தினார்கள்.

இன்னொன்றும் சொல்வார்கள்: இயேசுவே நரகத்தைப் பற்றிப் பேசியிருக்கிறார், அவர் செத்து உயிர்த்தெழுந்தவர், அவரே சாட்சி என்று. அந்த வார்த்தைகளைப் படித்துத்தான் ஒருவர் நித்திய நெருப்பு என்கிறார், ஒருவர் அழிவு என்கிறார், ஒருவர் எல்லாருக்கும் மீட்பு என்கிறார். உங்களுக்குள் ஒத்துப்போகாத ஒன்றைத் துக்க வீட்டில் தீர்ப்பாக வாசிக்க உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது? இதற்குப் பதில் சொல்ல விரும்பும் பாதிரியாரோ பாஸ்டரோ யாராக இருந்தாலும் இந்த மேடைக்கு வரட்டும். எனக்குக் கொடுத்த அதே நேரத்தை அவருக்கும் கொடுக்கக் கூட்டத் தலைவர் சம்மதித்திருக்கிறார். யாரும் குறுக்கே சத்தம் போடக் கூடாது.

தலைவர் அவர்களே, ஒரு தீர்மானத்தை முன்மொழிகிறேன். நம் வட்டாரத்தில் எந்தச் சாவு வீட்டிலும், காரியம் முடியும்வரை, இறந்தவர் நரகத்தில் இருக்கிறார் என்று எந்த மதத்தவரும் பேச இடம் கொடுப்பதில்லை. கருட புராணம் படிப்பவருக்கும் அது பொருந்தும். மதம் மாறிய மகனோ மகளோ தாய் தகப்பன் தலைமாட்டில் தன் முறைப்படி ஜெபம் செய்ய விரும்பினால் அவரை யாரும் தடுப்பதில்லை. நெய்ப்பந்தம் பிடிக்க மாட்டேன் என்கிற பிள்ளையை யாரும் அடிப்பதோ ஏசுவதோ இல்லை. மரணச் சகாய நிதியின் பொறுப்பாளர்கள் இங்கே இருக்கிறார்கள். துக்க வீட்டுக்கு முதலில் போகிறவர்கள் அவர்கள்தான். தீர்மானத்தை அவர்கள் வழிமொழிந்தால், வாக்குக்கு விடும்படி கேட்டுக்கொண்டு அமர்கிறேன்.