அந்த அம்மா கொண்டுவந்த இரண்டு ஃபைல்கள்

மனநலச் சமூகப்பணியிலும் செவிலியத்திலும் இன்று பட்டம் பெறும் பிள்ளைகளே,

பல வருடங்களுக்கு முன், ஓ.பி. முடியும் நேரத்தில் ஓர் அம்மா தன் பத்தொன்பது வயது மகனைக் கூட்டிவந்தார். மஞ்சள் பையிலிருந்து இரண்டு ஃபைல்களை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்று போதை மீட்பு மையத்தில் கொடுத்தது, மற்றது மனநலப் பிரிவில் கொடுத்தது. "அங்க போனா, காதுல குரல் கேக்குதுன்னா மனநல டாக்டரைப் பாருங்கங்கறாங்க. அவர்கிட்ட போனா, மொதல்ல கஞ்சாவ நிறுத்திட்டு வாங்கங்கறாரு. நான் எங்க சார் போவேன்?" பையன் நிமிரவே இல்லை, சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தான்.

அந்தக் குரல்களை அடக்கத்தான் அவன் புகைத்தான். புகைக்கப் புகைக்கக் குரல்கள் கூடின. எது முதல் நோய் என்று பிரித்த பிறகுதான் வைத்தியம் என்றால், அதுவரை அவன் தாங்க மாட்டான். இரண்டையும் ஒரே குழு, ஒரே சமயத்தில், ஒரே ஃபைலில் பார்ப்பதுதான் ஒருங்கிணைந்த சிகிச்சை. 2017ஆம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டமும் மது, போதைப்பொருளால் வரும் மனநலக் கோளாறுகளை மனநோய் என்ற வரையறைக்குள்தான் வைத்திருக்கிறது. இரண்டு வாசல்களை வைத்தது நாம்தான்.

வில்லியம் மில்லர் 1983இல் எழுதிய ஊக்கமூட்டும் நேர்காணல் முறையைப் படித்திருப்பீர்கள். தேர்வில் எழுதுவது சுலபம். அறிவுரை சொல்லத் துடிக்கும் வாயை மூடிக்கொண்டு, "கஞ்சா உனக்கு என்னப்பா குடுக்குது?" என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பதுதான் கஷ்டம். அந்தப் பையனிடமும் அப்படித்தான் கேட்டேன். நெடுநேரம் கழித்து, "தூக்கம் வருது சார்" என்றான். தூக்கத்திலிருந்தே தொடங்கினோம். குரல்களுக்கான மாத்திரையையும் அன்றே கொடுத்தோம். அவன் கஞ்சாவை விடட்டும் என்று தள்ளிப்போடவில்லை.

மூன்றாம் மாதம் மறுபடி புகைத்தான். இதற்காகவே பிள்ளைகளை வெளியே அனுப்பும் மையங்கள் உண்டு. நோயின் அறிகுறியையே குற்றமாக்கும் வேலை அது. ஹெராயின் பழக்கம் உள்ளவர்களை அப்படி வெளியே அனுப்புவதோ உயிருக்கே ஆபத்து. சில வாரம் விட்டிருந்த உடம்பு பழைய அளவைத் தாங்காது, மூச்சு நின்றுவிடலாம். அவர்களுக்கு ஹெராயின் ஏக்கத்தைத் தணிக்கும் புப்ரெனார்ஃபின் மருந்தைத் தொடர்ந்து கொடுப்பதை 'ஒரு போதைக்கு இன்னொரு போதை' என்று தயவுசெய்து இளக்காரமாகப் பேசாதீர்கள்.

அடித்தால் திருந்துவான் என்று நம்பி வரும் பெற்றோர்மேல் கோபப்படாதீர்கள், உட்காரவைத்துப் பேசுங்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநலக் காப்பகம் தீப்பற்றியபோது சங்கிலியோடு கருகிய 28 பேரில் பலரையும் அவர்களுடைய வீட்டார் குணமாகட்டும் என்றுதான் அங்கே விட்டுவந்தார்கள்.

அந்தப் பையன் மறுபடி புகைத்த பிறகு நான்கு தவணை வரவில்லை. ஒரு மழைநாளில் நனைந்தபடி வாசலில் நின்றான். "என் ஃபைல் இன்னும் இருக்கா சார்?" என்றான். எங்கள் செவிலியர் ஒன்றும் கேட்காமல் எழுந்துபோய் அதை எடுத்துவந்தார்.