உறைந்த நிலையத்தை எழுப்பியவர்

விண்வெளி என்றதும் முதன்முதலில் போனவர்களைத்தான் நினைக்கிறோம். செயலற்றுக் கிடந்த ஒரு நிலையத்துக்கு உயிர் கொடுத்தவரையும் அதே வரிசையில் வைக்க வேண்டும். சோவியத் யூனியனின் வீரர் என்ற பட்டத்தை இருமுறை பெற்ற விளாதிமிர் ஜானிபெக்கோவ்தான் அவர். 1985 பிப்ரவரியில் சல்யூட்-7 விண்வெளி நிலையத்துடன் தொடர்பு அறுந்தது. மின்சாரம் போய், உள்ளே இருந்த தண்ணீரும் உறைந்தது. எந்தச் சமிக்ஞையும் தராத அந்த நிலையத்தோடு, ஜூன் மாதத்தில் அவர் தன் கையாலேயே விண்கலத்தை ஓட்டி இணைத்தார். பிறகு அவரும் உடன் சென்ற விக்தர் சவினிக்கும் கம்பளித் தொப்பி அணிந்து, கடுங்குளிரில், சூரியத் தகடுகளை நேரடியாக மின்கலங்களோடு இணைத்து நிலையத்தை எழுப்பினார்கள்.

திட்டம் போட்டது தரையில் இருந்த பொறியாளர்கள்தானே என்று கேட்கலாம். உண்மைதான், அவர்கள் இல்லாமல் இது நடந்திருக்காது. ஆனால் திட்டத்தை நிறைவேற்றத் தேர்ந்த கை வேண்டும். 1982-இல் தானியங்கி இணைப்பு பழுதானபோதும் கையால் கலத்தை இணைத்தவர் அவர். அவர் சென்ற ஐந்து விண்வெளிப் பயணங்களிலும் அவரே தளபதி. புதியதைப் படைப்பது போலவே, பழுதானதைக் கைவிடாமல் மீட்பதும் சாதனைதான். சீர்செய்யும் கைகளுக்கு உரிய மரியாதையைத் தருவோம்.